தங்கச்சிக்கு வர்றது காக்கா வலிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்போ அது என்ன?

பிரிவு: உடம்பும் வைத்தியமும் / தருமபுரி, கிருஷ்ணகிரி

#1 மாரண்டஹள்ளி அண்ணன்
8 ஜூலை 2024, இரவு 10:40

வணக்கம். இங்க படிச்சிட்டுப் போறதோட சரி, இதுவரைக்கும் எழுதினதில்ல. இன்னைக்கு எழுதலன்னா தூக்கம் வராது.

என் தங்கச்சிக்கு 24 வயசு. பிளஸ் டூ முடிச்சதும் ஓசூர்ல ஒரு கம்பெனியில லைன்ல சேர்ந்தா, ஹாஸ்டல்ல தங்கி வேலை. அஞ்சாவது மாசம் நைட் ஷிஃப்ட்ல விழுந்துட்டா, கை கால் இழுக்குதுன்னு போன் வந்துச்சு. அன்னைல இருந்து ஆறு வருஷம். மாசத்துக்கு மூணு நாலு தடவை வரும், சில மாசம் பத்து. வந்தா அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு தடவை அரை மணி நேரம். கண்ணை இறுக்கி மூடிக்குவா, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், உடம்பு வில்லு மாதிரி வளையும். அடங்கினதும் அழுவா.

ஒரு மாத்திரை மூணு ஆச்சு. லெவிடிராசிட்டம், வால்ப்ரோயேட், குளோபாசம். முடி கொட்டுச்சு, உடம்பு பெருத்துச்சு, வேலையும் போச்சு. போன மாசம் பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில மூணு நாள் சேர்த்து, தலை முழுக்க ஒயர் ஒட்டி கேமரா முன்னாடி படுக்க வச்சாங்க. ரெண்டு தடவை வந்துச்சு. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "அட்டாக் வரும்போது மூளை அலை மாறல. இது எபிலெப்சி இல்ல, டிஸோஸியேட்டிவ் சீஷர். மனநல டாக்டரைப் பாருங்க." அஞ்சு நிமிஷத்துல வெளியில வந்துட்டோம்.

பஸ்ல அம்மா கேட்டுச்சு, "அப்போ இத்தனை வருஷமா நடிச்சியாடி?" அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் சரியாப் பேசல. சோறு போட்டா சாப்பிடுறா, அவ்வளவுதான். பெரியப்பா கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாரு.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது நிஜமான வியாதியா? எபிலெப்சி இல்லன்னா மாத்திரையை நாளைக்கே நிறுத்திடலாமா?

#2 வத்தல்மலை
8 ஜூலை 2024, இரவு 10:58

ரெண்டாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில். நிறுத்தாதீங்க. ஆறு வருஷமாப் போட்ட மாத்திரையைத் திடீர்னு விட்டா, வலிப்பு நோயே இல்லாதவங்களுக்குக்கூட நிஜமான ஃபிட்ஸ் வர வாய்ப்பு இருக்கு, குளோபாசம் மாதிரி மாத்திரையில ரொம்ப. எழுதிக் கொடுத்த டாக்டர் ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். மத்ததைத் தெரிஞ்சவங்க எழுதட்டும்.

#3 காவேரிப்பட்டணம் டெக்னீஷியன்
8 ஜூலை 2024, இரவு 11:45

அண்ணா, நான் பெங்களூர்ல ஈ.ஈ.ஜி டெக்னீஷியன். உங்க தங்கச்சிக்கு ஒயர் ஒட்டின மாதிரி தினமும் ஒட்டுறவன். நான் டாக்டர் இல்ல, ஆனா ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்ல முடியும். ஷிஃப்ட் முடிஞ்சுதான் வந்தேன், கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மூளை செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது மின்சாரத்துல. அது மண்டையோட்டைத் தாண்டி வெளியில வரும்போது ஒரு வோல்ட்டுல பத்து லட்சத்துல சில பத்துப் பங்குதான் மிஞ்சும். அதை மனுஷத் தலையில இருந்து முதல்ல பதிவு பண்ணினவர் ஹான்ஸ் பெர்கர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், 1924ல. அஞ்சு வருஷம் கழிச்சு 1929லதான் வெளியிட்டாரு. இன்னைக்கும் அடிப்படை அதேதான். அளந்து 21 இடத்துல ஒட்டுவோம்.

முழிச்சிருக்கிற ஆளு கண்ணை மூடினா பின்மண்டையில செகண்டுக்கு 8ல இருந்து 13 அலை ஒரே சீரா ஓடும். ஆல்ஃபான்னு பேரு. தூங்கினா, மயங்கினா அது கலைஞ்சிடும். உடம்பு முழுக்க இழுக்கிற வலிப்புல ஆயிரக்கணக்கான செல்லுங்க ஒரே நேரத்துல கூச்சல் போடுற மாதிரி கூர்கூரா அலை எழும்பும், வேகம் மாறும், பரவும். அடங்கின பிறகு மூளை களைச்சுப் போன மாதிரி மெதுவான அலை கொஞ்ச நேரம் ஓடும்.

உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தருக்கு அட்டாக் வரும்போது நாங்க பாக்குறது வேற. தசை அசையறதால ஸ்க்ரீன் கறுப்பாக் கிறுக்கும். ஆனா நடுவுல ரெண்டு செகண்டு உடம்பு நின்னா, அந்த இடைவெளியில ஆல்ஃபா அழகா ஓடிட்டிருக்கும். முழிச்சிருக்கிற மூளையோட அலை. அந்த ஆளு கூப்பிட்டாப் பேச மாட்டாங்க, கிள்ளினாக்கூடத் திரும்ப மாட்டாங்க, ஆனா அலை மட்டும் ஓடும். முதல் தடவை பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

கண்ணை இறுக்கி மூடுறது, தலை பக்கவாட்டுல ஆடுறது, விட்டு விட்டு ரொம்ப நேரம் வர்றது, அடங்கினதும் அழுறது, இதெல்லாம் எபிலெப்சி இல்லாத இந்த வகையைக் காட்டுற அடையாளங்கள். உடம்பு முழுக்க இழுக்கிற வலிப்புல பெரும்பாலும் கண்ணு திறந்திருக்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடியும், நாக்கோட ஓரம் கடிபடும். ஆனா ஒரே ஒரு அடையாளத்தை வச்சு யாரும் முடிவு கட்டக் கூடாது. நெத்திப் பக்கம் ஆழத்துல கிளம்புற சில வலிப்பு மேல ஒட்டின ஒயர்ல தெரியாமலே போகும், ஆளு பாக்க நடிக்கிற மாதிரியே இருப்பாங்க. அதனாலதான் வீடியோவையும் அலையையும் சேர்த்து வச்சுப் பாக்குறது.

இன்னொண்ணு. சாதாரணமா அரை மணி நேரம் எடுக்கிற ஈ.ஈ.ஜி-யை வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது. நிஜமா வலிப்பு நோய் இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி நார்மலாத்தான் வரும். எதுவுமே இல்லாத சிலருக்கு ஏதோ இருக்கிற மாதிரி தெரியும். ஆறு வருஷம் ஆச்சுன்னு மனசு ஒடியாதீங்க. ஜெர்மனியில 2002ல எழுதின ஒரு ஆராய்ச்சியிலேயே, இந்த மாதிரி நோயாளிங்களுக்கு சரியான பேர் கிடைக்க சராசரியா ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு இருக்கு.

அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நடிக்கிறவங்க அரை மணி நேரம் உடம்பை வில்லு மாதிரி வளைச்சு வலி தாங்க மாட்டாங்க. ஆறு வருஷம் முடி கொட்டுற மாத்திரையை முழுங்க மாட்டாங்க.

#4 பேரு வேணாம்
9 ஜூலை 2024, காலை 5:20

ஊத்தங்கரை பக்கம். 31 வயசு, ரெண்டு பசங்க. எனக்கும் இதேதான்.

வெளியில இருந்து பாத்தவங்க எல்லாரும் எழுதுறாங்க, நான் உள்ள இருந்து எழுதுறேன். முதல்ல சத்தமெல்லாம் தூரமாப் போகும், கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி. அப்புறம் கை என் கை இல்லாத மாதிரி ஆகும். அதுக்கப்புறம் நான் எதுவும் பண்றதில்ல, உடம்பு பண்ணுது. சில தடவை வீட்டுக்காரர் கத்துறது கேக்கும், பதில் சொல்ல வாய் வராது. "நாடகம் போடுறா"ன்னு மாமியார் சொன்னதும் கேட்டுச்சு. அந்த வார்த்தை இன்னைக்கும் காதுல இருக்கு.

உன் வாழ்க்கையில என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் தோண்டுவாங்க. சிலருக்குச் சின்ன வயசுல பெரிய காயம் இருக்கும். சிலருக்கு அப்படி ஒண்ணும் இருக்காது. எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கமே இல்லாம இருந்த காலத்துல தொடங்குச்சு, அதுக்கு மேல எனக்கே தெரியல. தங்கச்சியைத் துருவாதீங்க. சொல்லணும்னு தோணும்போது அவங்களே சொல்லுவாங்க.

எனக்குப் பேர் சொன்ன டாக்டரம்மா முக்கால் மணி நேரம் உக்காந்து வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க. "இது நிஜம். நீ வரவழைக்கல. மூளை ஆபத்துன்னு நினைச்சு உன்னைக் கொஞ்ச நேரம் கழட்டி விடுது. அதுக்கு வலிப்பு மாத்திரை வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும்"னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கினேன்.

பழக்கம்னா இதுதான். சத்தம் தூரமாப் போக ஆரம்பிச்சதும் கையில எதையாவது பிடிச்சு அதையே கவனிக்கணும். நான் புடவை முந்தியில நாலு புளியங்கொட்டை முடிஞ்சு வச்சிருக்கேன். உருட்டி உருட்டி எண்ணுவேன். எங்க இருக்கேன், இன்னைக்கு என்ன கிழமை, எதிர்ல என்ன தெரியுது, வாயை விட்டுச் சொல்லுவேன். முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கல. இப்போ நாலுல மூணு தடவை திரும்பி வந்துடுறேன். மீதி ஒண்ணு வரும். வந்தா வந்துட்டுப் போகட்டும்னு படுத்துக்குவேன்.

#5 பென்னாகரத்தான்
9 ஜூலை 2024, காலை 9:10

யாரையும் குறை சொல்ல வரல. எங்க அத்தைக்கு இருபது வருஷம் முன்னாடி இதே மாதிரி வந்துச்சு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சும் நிக்கல. கோடாங்கிகிட்ட போய் மூணு அமாவாசை உடுக்கை அடிச்சு, கயிறு கட்டினதும் நின்னுச்சு. கண்ணால பாத்தவன் நான். டாக்டரே மூளையில ஒண்ணும் இல்லன்னு சொல்லும்போது பெரியப்பா சொல்றதையும் கேட்டா என்ன? வந்தா கையில இரும்பு கொடுங்க, கொஞ்சம் அடங்கும்.

#6 ஓய்வு பெற்ற செவிலியர்
9 ஜூலை 2024, பகல் 2:30

பென்னாகரம் தம்பி, உங்கள் அத்தை குணமானதை நான் பொய் என்று சொல்லவில்லை. நாலு பேர் கூடி, அவளை மையத்தில் உட்கார வைத்து, "இது உன் தப்பில்லை, உன்மேல் வந்தது போகப் போகிறது" என்று சொன்னால், இந்த வகை நோயில் சிலருக்கு அது வேலை செய்திருக்கலாம். கோயிலுக்குப் போவதற்கும் கயிறு கட்டுவதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வேப்பிலையால் அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் தொடங்கிவிட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இரும்பு பற்றி. வலிப்பு தானாகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, சாவிக்குப் பேர் வந்துவிடுகிறது. கையை விரித்து இரும்பைத் திணிக்கும்போது விரல் ஒடிந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டு வையுங்கள், வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தால் 108.

நாற்பது வருடம் வேலை செய்தேன். ஒரு விஷயத்தை இத்தனை நாளாக யாரிடமும் எழுதவில்லை. 1998ஆம் வருடம். அரூர் பக்கம் ஒரு கிராமம், பத்தொன்பது வயதுப் பெண். தலைவலி, காய்ச்சல் என்று தொடங்கி ஒரு வாரத்தில் தூக்கமில்லை, சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓட்டம். பேய் என்று பதினோரு நாள் கட்டி வைத்திருந்தார்கள். எங்களிடம் வரும்போது வலிப்பும் வந்துவிட்டது. வாய் எதையோ மென்றுகொண்டே இருந்தது, நாக்கு வெளியே வந்து வந்து போனது, கை காற்றில் எதையோ பின்னுவது போல அசைந்தது. டாக்டர்கள் மூளைக்காய்ச்சல் என்று பார்த்தார்கள், மனநோய் என்று பார்த்தார்கள். நான்காம் நாள் மூச்சு நின்றுவிட்டது.

2007இல் ஜோசப் டால்மௌ என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு நோயை விவரித்தார்கள் என்று ஓய்வுக்கு முன்னால் ஒரு வகுப்பில் கேட்டேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, மூளை செல்கள் செய்தி வாங்குகிற என்.எம்.டி.ஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. இளம்பெண்களுக்கு அதிகம். சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும், அதுதான் தூண்டுகிறது. ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, கட்டி இருந்தால் எடுத்தால், பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். வகுப்பில் போட்ட வீடியோவில் அந்த வாயும் அந்தக் கையும். எழுந்து வெளியே போய் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திடீரென்று ஆள் மாறிப் போகிற ஒரு பிள்ளையைப் பார்க்கிற எவரும் நேரே நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

#7 அஞ்செட்டி
9 ஜூலை 2024, மாலை 6:05

எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். அதையும் பதிஞ்சிடுறேன்.

பன்னெண்டு வயசுல இருந்து, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுத் தலைக்குச் சுடுதண்ணி ஊத்தும்போது மட்டும் கண்ணு சொருகி ஒரு மாதிரி ஆயிடுவேன். "குளிக்கச் சோம்பேறித்தனம், வேஷம்"னு முதுகுல வாங்கினேன். ஒரு நாள் குளியலறையிலேயே விழுந்து பல்லு ஒடைஞ்ச பிறகுதான் கூட்டிட்டுப் போனாங்க. கேட்டா, சுடுதண்ணி வலிப்புன்னே ஒண்ணு இருக்காம். நிஜமான எபிலெப்சி. உலகத்துல மத்த இடத்துல ரொம்ப அபூர்வம், நம்ம தென்னிந்தியாவுல, அதுவும் கர்நாடகா பக்கம்தான் அதிகம். 1988லயே பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி டாக்டருங்க 279 பேரைப் பத்தி எழுதியிருக்காங்க. சொம்பு சொம்பா மண்டையில ஊத்துற பழக்கம் இதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க.

எனக்கு மருந்து: வெதுவெதுப்பான தண்ணி, தலைக்குக் கடைசியா ஊத்தறது, தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு மட்டும் முன்னாடி ஒரு குளோபாசம். எட்டு வருஷமா ஒண்ணும் இல்ல.

கூடவே இன்னொண்ணு. கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிலருக்கு வலிப்பைத் தூண்டுதுன்னு பெங்களூர் டாக்டருங்க எழுதியிருக்காங்க. ஃபிட்ஸ் இருக்கிற பிள்ளைக்குச் சளின்னு மூக்குல நெஞ்சுல தைலம் தேய்க்கிறவங்க யோசிங்க.

#8 மாரண்டஹள்ளி அண்ணன்
9 ஜூலை 2024, இரவு 9:30

எல்லாருக்கும் கும்பிடு. அக்கா எழுதினதை (#4) தங்கச்சிகிட்ட போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரெண்டு தடவை படிச்சா. "கிணத்துக்குள்ள"ங்கிற இடத்துல நிறுத்தி, "ஆமாண்ணா"ன்னா. ஒரு வாரத்துல அவ பேசின முதல் வார்த்தை.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். எபிலெப்சியும் இதுவும் ரெண்டும் சேர்ந்து இருக்க முடியுமா? இதுக்கு வைத்தியம் இருக்குன்னு ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களா? இல்ல, "மனசைத் தேத்திக்கோ"ன்னு சொல்லி அனுப்புறதுதானா?

#9 நரம்பியல் மேற்படிப்பு
10 ஜூலை 2024, அதிகாலை 1:15

நான் நரம்பியல் மேற்படிப்பு மாணவி, சொந்த ஊர் பாலக்கோடு. உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை, ஆகவே அவருக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். பொதுவாக என்ன தெரியும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ரெண்டும் சேர்ந்து இருக்கலாம். இந்த வகைத் தாக்குதல் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்காவது வலிப்பு நோயும் கூடவே இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வீட்டில் வருகிற எல்லாத் தாக்குதலும் வீடியோவில் பதிவானதும் ஒரே மாதிரியா?" அதற்குப் பதில் சொல்ல அவருக்கு உங்கள் உதவி வேண்டும். செல்போனில் வீடியோ எடுங்கள். முகம் தெரிய வேண்டும், கண் திறந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும், தொடக்கமும் முடிவும் வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் பதிவாகட்டும். தங்கையிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிட வீடியோ சில நேரம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

வைத்தியம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இங்கிலாந்தில் 368 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். இந்த நோய்க்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சையை, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியபோது இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதைக் கேட்டுச் சோர்ந்து போகிறவர்கள் மீதியையும் கேட்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்களுக்குத் தொடர்ந்து தாக்குதல் இல்லாத நாட்கள் கூடின, வந்தாலும் தொந்தரவு குறைவாக இருந்தது, வேலை, வெளியே போவது, வாழ்க்கைத் தரம் எல்லாம் மேம்பட்டன. நோயின் பேரைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதாலேயே சிலருக்குக் குறைகிறது. இதை நோயாளிகளிடம் சொல்கிற விதத்தில்தான் நாங்கள் அதிகம் தவறுகிறோம். ஐந்து நிமிடத்தில் உங்களை வெளியே அனுப்பியது சரியில்லை. அந்தக் கடமை எங்களுடையது.

இன்னொன்று அவசரமாகச் சொல்ல வேண்டியது. 24 வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு உறுப்புக் குறைபாடும், முப்பது நாற்பது பேர் அளவுக்குக் கற்றலிலும் வளர்ச்சியிலும் சிக்கலும் வருகிறது. திருமணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், #2இல் சொன்னதுதான்.

#10 கடத்தூர் வாத்தியார்
10 ஜூலை 2024, காலை 8:00

திருமணம் என்றதால் ஒரு தகவல். வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று கேட்க இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999இல் திருத்தம் செய்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் எங்கள் ஊரில் தரகர் முதலில் கேட்பது "ஃபிட்ஸ் கிட்ஸ் ஏதும் இல்லையே?" என்பதைத்தான். மறைத்துக் கட்டிவைத்து, பிறகு மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட்டு, ஒரு வேளை தவறி, அடுப்படியில் விழுந்த பழைய மாணவி ஒருத்தி எனக்கு உண்டு. சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.

#11 ராயக்கோட்டை மண்டி
10 ஜூலை 2024, பகல் 12:40

எங்க பையனுக்கு ஃபிட்ஸ் வந்தப்ப ஸ்கேன்ல சின்னதா ஒரு புள்ளி. பன்னி நாடாப்புழுவோட இளம்புழு மூளையில தங்கியிருக்குன்னாங்க. நாங்க பன்னிக்கறி தொட்டதே இல்ல, எப்படின்னு சண்டைக்கே போனேன். மலம் கலந்த தண்ணியில கழுவின கீரை, கைகழுவாம சமைக்கிறவங்க மூலமா முட்டை வயித்துக்குள்ள போனா போதுமாம், சைவம் அசைவம் பாக்காதாம். முன்னாடி இந்த மாதிரி ஒத்தைப் புள்ளியை டிபி கட்டின்னு நினைச்சு மாசக்கணக்கா டிபி மருந்து கொடுத்துட்டு இருந்தாங்களாம். வேலூர் சி.எம்.சி டாக்டருங்கதான் அதை எடுத்துப் பாத்துப் புழுன்னு காட்டினாங்க. பையனுக்கு ரெண்டு வருஷத்துல மாத்திரை நிறுத்தியாச்சு. ஃபிட்ஸ்னாலே ஆயுசுக்கும்னு பயப்படாதீங்க.

#12 பர்கூர் அப்பா
11 ஜூலை 2024, இரவு 11:20

ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

என் பையன் பத்தாவது வரைக்கும் வகுப்புல முதல் மூணு பேருல ஒருத்தன். பதினாலு வயசுல காலையில டம்ளர் கையை விட்டுத் தெறிக்க ஆரம்பிச்சுது. கை வெட்டுதுப்பான்னான். அப்புறம் ஃபிட்ஸ். வளர்ற வயசுல வர்ற சாதாரண வலிப்புதான், ஒரே மாத்திரையில அடங்கும்னாங்க. கொஞ்ச நாள் அடங்குச்சு. அப்புறம் வெளிச்சம் மினுக்கினாக் கை வெட்டும். கண்ணு முன்னாடி கலர் கலராத் தெரியுதுன்னான். மார்க் விழுந்துச்சு. ஸ்கூல்ல, "படிக்க இஷ்டமில்லாம நடிக்கிறான், கவுன்சிலிங் போங்க"ன்னாங்க. நானும் நம்பினேன். ஒரு நாள் அடிச்சுட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு அக்குள்ல சின்னதாத் தோல் எடுத்துப் பாத்தாங்க, அப்புறம் ரத்தத்துல ஜீன் டெஸ்ட். லாஃபோரா நோய். ஸ்பெயின் நாட்டு டாக்டர் ஒருத்தர் 1911ல கண்டுபிடிச்சது, அவர் பேருதான். உடம்புல சர்க்கரையைச் சேத்து வைக்கிற கிளைக்கோஜன் சரியான வடிவத்துல உருவாகாம, மூளை செல்லுக்குள்ள உருண்டை உருண்டையாப் படியுது. எந்த ஜீன்னு 1998லயும் 2003லயும்தான் கண்டுபிடிச்சாங்க. என் பையனுக்கு ரெண்டாவதா கண்டுபிடிச்ச ஜீன்ல கோளாறு. இதுவரைக்கும் குணமாக்குற மருந்து இல்ல. எலியில ஆராய்ச்சி நடக்குது, கிளைக்கோஜன் சேர்றதைக் குறைக்கிற வழியைத் தேடுறாங்க. நான் ராத்திரி எல்லாம் அதைத்தான் படிக்கிறேன்.

நான் கட்டினது சொந்த அக்கா பொண்ணை. எங்க பக்கம் அதுதான் முறை, உங்களுக்குத் தெரியும். டாக்டர் படம் போட்டு விளக்கினாரு. ரெண்டு பேருக்கும் அந்த ஜீன்ல ஒரு பக்கம் கோளாறு இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. அதைக் கேட்டு என் வீட்டுக்காரி அழுததைவிட, சொந்தக்காரங்க வந்து "அப்பவே சொன்னோம்"னு சொன்னதுல அழுததுதான் அதிகம். யாரும் சொல்லல. ரெண்டு குடும்பமும் சேர்ந்து பாக்கு மாத்தினவங்கதான்.

மாரண்டஹள்ளி தம்பி, உங்க தங்கச்சியோடது வேற, என் பையனோடது வேற. ஆனா ரெண்டு பேரையும் பாத்து ஊர் சொன்ன வார்த்தை ஒண்ணுதான். நீங்க அவங்களை அடிக்கல. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதினேன்.

#13 நரம்பியல் மேற்படிப்பு
12 ஜூலை 2024, காலை 6:50

பர்கூர் அண்ணா, தொடக்கத்தில் வளரும் வயதில் வருகிற அந்தச் சாதாரண வலிப்பும் லாஃபோராவும் மருத்துவர்களுக்கே ஒன்று போலத்தான் தெரியும். ஆரம்பத்தில் தெரியாமல் போனதற்கு நீங்கள் காரணமில்லை. உங்கள் மனைவியின் தங்கை, தம்பி யாராவது உறவில் மணம் பேசினால், முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளலாம். உங்கள் பையனின் ஜீன் அறிக்கை அதற்கு உதவும், பத்திரமாக வையுங்கள். அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு வார்த்தை இல்லை. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

#14 பென்னாகரத்தான்
12 ஜூலை 2024, காலை 10:15

செவிலியர் அம்மா எழுதினதை வீட்ல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அத்தை இப்பவும் இருக்காங்க. அப்போ மாத்திரை போட்டியான்னு கேட்டேன். "போட்டேன், உங்க மாமாவுக்குத் தெரியாம"ன்னாங்க. இருபது வருஷமா எங்களுக்குத் தெரியாது.

#15 மாரண்டஹள்ளி அண்ணன்
3 டிசம்பர் 2024, இரவு 9:05

அஞ்சு மாசம் ஆச்சு. கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

போன்ல மூணு வீடியோ எடுத்துட்டுப் போனோம், தங்கச்சி சம்மதத்தோட. இந்த தடவை வேற டாக்டர், பொறுமையா உக்காந்து பாத்தாரு. மூணும் அங்க பதிவானது மாதிரியேதான்னு சொல்லி, முதல்ல வால்ப்ரோயேட்டைக் குறைச்சாரு. அக்டோபர்ல அது முழுசா நின்னுச்சு. இப்போ லெவிடிராசிட்டம் பாதி. குளோபாசம் கடைசியாதானாம், ரொம்ப மெதுவா. மனநல டாக்டர்கிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓசூர் போறா. அங்க என்ன பேசுறாங்கன்னு நான் கேக்குறதில்ல.

பெரியப்பா திருப்தியா இல்ல. போச்சம்பள்ளி பக்கம் ஒரு கோயில்ல கயிறு வாங்கிட்டு வந்து கட்டினாரு. கட்டிக்கிட்டா. மாத்திரையும் போடுறா.

அம்மாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினோம். ஒயர் ஒட்டிப் படுத்திருந்த வீடியோ இல்ல, வீட்ல நான் எடுத்தது. அதுல அம்மாவோட குரலே பின்னாடி கேக்குது, "எந்திரிடி, போதும் எந்திரிடி"ன்னு. அம்மா அதைப் பாத்துட்டு வெளியில போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு.

அக்காவோட புளியங்கொட்டை எங்க வீட்ல வேற மாதிரி ஆச்சு. வேலையில இருந்தப்ப சனிக்கிழமை சாயங்காலம் ஓசூர்ல இருந்து ரயில்லதான் ஊருக்கு வருவா. அந்த ஸ்டேஷன் பேருங்க அவளுக்கு மனப்பாடம். சத்தம் தூரமாப் போற மாதிரி இருக்குன்னு கையைக் காட்டினா, அம்மா பக்கத்துல உக்காந்து மெதுவா ஆரம்பிக்கும். ஓசூர். கேளமங்கலம். ராயக்கோட்டை. மாரண்டஹள்ளி. பாலக்கோடு. தருமபுரி. அவளும் கூடவே உதட்டை அசைப்பா. முதல்ல தருமபுரி தாண்டி, தொப்பூர் தாண்டி, சேலம் வரைக்கும் போனாலும் நிக்காது. போன மாசம் ஏழு தடவை வந்துச்சு, அதுல நாலு தடவை அப்படியே திரும்பிட்டா.

நேத்து காலையில மாட்டுக்கொட்டகையில நின்னுட்டு இருக்கும்போது கையைக் காட்டினா. அம்மா சாணிக் கையோடயே ஓடி வந்து ஆரம்பிச்சுச்சு. ராயக்கோட்டைன்னு சொல்லும்போது தங்கச்சி கண்ணைத் திறந்து, "நம்ம ஊரு அடுத்ததும்மா"ன்னா.